வைக்கோலில் காலணி பின்னுவது எப்படி: வராஜி கற்கத் தொடங்குபவர்களுக்கு

வராஜி என்ற ஜப்பானிய வைக்கோல் காலணியைச் செய்யக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் பின்னலில்தான் அவசரம் காட்டுகிறார்கள். பின்னல் கடினமே இல்லை. நீளவாக்கில் ஓடும் நான்கு பாவுக் கயிறுகளுக்கு மேலும் கீழுமாக வைக்கோலைக் குறுக்கே ஓட்டி இறுக்க வேண்டும், அவ்வளவுதான். கோரைப்பாய் நெய்வதை ஒருமுறை பார்த்தவருக்குக்கூட உடனே பிடிபட்டுவிடும். காலணி உருப்படியாக வருமா, பாதி வழியிலேயே பிரிந்துபோகுமா என்பது அதற்கு வெகு முன்பே, வைக்கோலைப் பொறுக்கி அடித்துப் பதப்படுத்தும்போதே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரையிலும் வைக்கோலுக்கும் கயிற்றுக்கும்தான் அதிக இடம். பின்னலுக்கு நேராகத் தாவ நினைப்பவர்கள் தாவலாம். திரும்பி இங்கேதான் வந்தாக வேண்டும்.

முதலில், எதைச் செய்யப்போகிறோம் என்று தெரிந்துகொள்வோம். ஜப்பானில் வைக்கோல் காலணிகள் பல உண்டு. ஸோரி என்பது நம் ஊர் ரப்பர் செருப்பைப் போல வார் மட்டும் உள்ளது. கால்விரல் இடுக்கில் மாட்டிக்கொண்டு நடக்கலாம், குதிகால் கட்டப்படாது. அஷினகா என்பது பாதி நீளம் மட்டுமே உள்ள காலணி. குதிகால் வெளியே நிற்கும். போர்வீரர்களும் உழவர்களும் அதை அணிந்தார்கள். வராஜி நடைக்கானது. முனையிலிருந்து புறப்படும் இரண்டு நீண்ட வார்கள் காதுகள் எனப்படும் பக்கவாட்டுக் கயிற்று வளையங்களுக்குள் நுழைந்து, குதிகால் வளையங்கள் வழியாக வந்து, கணுக்காலில் கட்டப்படும். மலை ஏறினாலும் ஓடினாலும் காலை விட்டு நகராது. செய்வதற்கு ஸோரியைவிட வராஜிக்குக் கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் தொடங்குபவர்களுக்கு வராஜியையே சொல்வேன். வார் கட்டும்போது காலணியின் சின்னச் சின்னக் கோணல்கள் மறைந்துவிடும். ஸோரியில் எதுவும் மறையாது.

எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, எடோவிலிருந்து (இன்றைய தோக்கியோ) கியோட்டோவுக்குச் சென்ற தோகைதோ நெடுஞ்சாலையில் மக்கள் நடந்தது இதை அணிந்துதான். அந்தச் சாலையில் 53 தங்குமிட ஊர்கள் இருந்தன. வழியோரக் கடைகளில் வராஜி கட்டுக்கட்டாகத் தொங்கும். ஒரு சோடி ஓரிரு நாளில் தேய்ந்துவிடும் என்பதால் பயணிகள் மூட்டையில் உபரியும் வைத்திருப்பார்கள். குதிரைகளுக்கும் குளம்பில் வைக்கோல் காலணிதான் கட்டினார்கள். தேய்ந்து வீசப்பட்டவற்றை உழவர்கள் பொறுக்கிக்கொண்டுபோய் எருவாக்கினார்கள். நெல் அறுத்த வயலின் வைக்கோல் குளிர்கால இரவுகளில் அடுப்பங்கரையில் காலணியாகி, சாலையில் தேய்ந்து, மறுபடி வயலுக்கே வந்தது. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. வராஜி நீடித்து உழைக்கச் செய்யப்படும் பொருள் அல்ல. சீக்கிரம் செய்து, நன்றாக உழைக்கவிட்டு, தூக்கி எறிவதற்கானது. அழகுப்பொருள் செய்யும் மனநிலையோடு உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியையும் பிரித்துப் பிரித்துப் பின்னிக்கொண்டிருப்பீர்கள்.

இந்த வழக்கத்தை முடித்துவைத்தது ரப்பர். 1923இல் இஷிபாஷி ஷோஜிரோ, ரப்பர் அடி ஒட்டிய ஜிகாதாபி என்ற துணிக் காலணியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு பிரிட்ஜ்ஸ்டோன் டயர் நிறுவனத்தைத் தொடங்கியவரும் இவர்தான். சுரங்கத்திலும் வயலிலும் வராஜி அணிந்தவர்கள் அதற்கு மாறினார்கள். இன்றைக்கு வராஜியைப் பார்க்க வேண்டுமென்றால் பிச்சைப் பாத்திரத்துடன் தெருவில் வரும் ஜென் துறவிகளின் கால்களில், ஹியேய் மலையில் ஆண்டுக்கணக்கில் நடந்து தவம் செய்யும் துறவிகளின் கால்களில், திருவிழா ஊர்வலங்களில் பார்க்கலாம். பாசி படிந்த பாறைகளில் ஓடையை எதிர்த்து ஏறும் மலையேறிகளில் சிலரும் இதை விடவில்லை. ஈரப் பாசியில் வைக்கோலுக்கு இருக்கும் பிடிப்பு, சாதாரண ரப்பர் அடிக்குக் கிடையாது.

வைக்கோல்

எந்த வைக்கோலும் ஆகும் என்று நினைக்க வேண்டாம். தாள் நீளமாக இருக்க வேண்டும், நசுங்காமல் இருக்க வேண்டும், அந்த ஆண்டு அறுவடையாக இருக்க வேண்டும். பழைய வைக்கோல் அடிக்கும்போதே பொடிந்துவிடும். ஜப்பானில் கைவேலைக்காரர்கள் பசைநெல் தாளை விரும்புவார்கள். அது நீளமாகவும் துவளக்கூடியதாகவும் இருக்கும். அறுத்த கதிர்க்கட்டுகளை மூங்கில் அல்லது மரச் சட்டத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டு வெயிலிலும் காற்றிலும் உலர்த்துவது அங்கே பழைய முறை. அப்படி உலர்ந்த தாளில் கருப்பு தட்டாது. இன்று அங்கும் கம்பைன் இயந்திரம் வைக்கோலைத் துண்டுதுண்டாக வெட்டி வயலிலேயே போட்டுவிடுவதால், காலணி பின்னுபவர்கள் தங்களுக்கென்று கொஞ்சம் நிலத்தைக் கையால் அறுக்கச் சொல்லி வாங்குகிறார்கள்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து முயல்பவருக்கும் இதே சிக்கல்தான். இயந்திர அறுவடை வைக்கோல் மாட்டுக்கு ஆகும், நமக்கு ஆகாது. கையால் அறுத்து, தலையடி அடித்து நெல் உதிர்த்த தாளைக் கேட்டு வாங்குங்கள். அதற்குப் பிறகு மாடு விட்டோ டிராக்டர் ஓட்டியோ சூடடித்த வைக்கோல் நசுங்கிக் குழம்பியிருக்கும். அதில் நேரான தாள் பொறுக்குவதற்குள் பொழுது போய்விடும். குட்டை ரகங்களைவிட மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்ற உயரமான பாரம்பரிய நெல்லின் தாள் மேல். பாரம்பரிய நெல் பயிரிடும் உழவர் அருகில் இருந்தால் அறுவடைக்கு முன்பே சொல்லிவையுங்கள். பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள், ஏன் எதற்கு என்று கேள்விதான் கேட்பார்கள். ஒரு சோடிக்கு இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கும் அளவு ஒரு கட்டு வேண்டும். பார்க்க அதிகமாகத் தெரியும். கழிவு போகப் பாதிதான் தேறும்.

இனி பொறுக்கல். ஒரு கைப்பிடித் தாளைக் கதிர்ப்பக்கமாக இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். மறு கையின் விரல்களைச் சீப்பாக விரித்து, கதிர்ப்பக்கத்திலிருந்து அடிப்பக்கம் நோக்கிக் கோதுங்கள். தாளின் அடியில் உறைபோல் சுற்றியிருக்கும் தோகைகளும் குட்டைத் தாள்களும் கழன்று விழும். அடித்தோகை ஒன்றுகூட மிஞ்சக்கூடாது என்று பிடிவாதமாக இருங்கள். அது பின்னலுக்குள் போனால் முதலில் அதுதான் கிழியும், கிழிந்த இடத்தில் பின்னல் தளரும். கோதி முடித்த தாள் பளபளவென்று மெல்லிய குச்சிகளாக நிற்கும். கதிர்ப்பக்கம் மெலிந்தும் அடிப்பக்கம் தடித்தும் இருக்கும் என்பதை மனத்தில் வையுங்கள். கயிறு திரிக்கும்போது இது தேவைப்படும். கழித்த தோகையை எறிந்துவிடாதீர்கள், ஒரு கோணிப்பையில் போட்டால் உட்காரத் திண்டு ஆகும். வேலை முழுக்கத் தரையில்தான்.

அடித்துப் பதப்படுத்துதல்

இதுதான் உயிர்நிலை. உலர்ந்த தாளை மடக்கினால் முறியும்; அடித்த தாளை மடக்கினால் துவளும். வேறுபாடு முழுவதும் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலில் இருக்கிறது. ஜப்பானியக் குடியானவர் வீடுகளில் இதற்கென்றே தரையில் ஒரு தட்டைக்கல் பதித்திருப்பார்கள். அடிக்கும் கருவி, தலையும் கைப்பிடியும் ஒரே மரத்துண்டில் கடைந்த உருளை. நமக்குத் தச்சரின் கொட்டாப்புளியும் ஒரு மரக்கட்டையும் போதும். இரும்புச் சுத்தியல் வேண்டாம், நாரை அறுத்துவிடும்.

அடிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு தாளின் மேல் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கில் சுற்றிவையுங்கள். ஊறவைக்கக் கூடாது. நனைந்து சொட்டும் தாளில் பின்னிய காலணி, உலரும்போது சுருங்கித் தளர்ந்துவிடும், பூஞ்சையும் பிடிக்கும். தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், பிழிந்தால் நீர் வரக்கூடாது.

பிறகு ஒரு கைப்பிடித் தாளைக் கட்டையில் வைத்து, ஒரு கையால் உருட்டிக்கொண்டே மறு கையால் அடியுங்கள். தடித்த அடிப்பக்கத்தில் தொடங்குங்கள், கணுக்களைத் தேடி அடியுங்கள். கதிர்ப்பக்கம் ஏற்கெனவே மெல்லியது. அங்கே நான்கு தட்டு போதும். பலம் முக்கியமில்லை, சீராக எல்லாப் பக்கமும் படுவதுதான் முக்கியம். ஆரம்பத்தில் மொறுமொறுவென்று சத்தம் வரும். அது மெல்ல மங்கி, ஈரத் துணியில் அடிக்கும் சத்தமாக மாறும்போது பக்குவம் நெருங்கிவிட்டது. ஒரு தாளை எடுத்து விரலில் சுற்றிப் பாருங்கள். கணுவில் முறியாமல் சுற்றினால் போதும். சுற்றும்போது நீளவாக்கில் நாராகப் பிரிந்தால் அதிகம் அடித்துவிட்டீர்கள். அதைப் பாவுக்கு வைக்காமல், குறுக்கே ஓட்டும் ஊடைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

நகரத்து அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழ்வீட்டாரிடம் சொல்லிவிட்டு அடிப்பது நல்லது.

கயிறு திரித்தல்

ஒரு காலணிக்கு ஒரு பாவுக் கயிறு வேண்டும். பெரியவர்களின் காலுக்கு ஏறக்குறைய 3.5 மீட்டர் நீளம், சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் மெலிந்த தடிமன். காதுகளுக்கு இதைவிட மெல்லிய கயிறு, ஒவ்வொன்றும் சுமார் 40 செ.மீ., காலணிக்கு இரண்டு.

நெற்களத்தில் வைக்கோல்புரி முறுக்கியவர்களுக்கு முறுக்குவது புதிதல்ல. ஆனால் கட்டுக்கட்டும் புரி ஒரே முறுக்கு, விட்டால் பிரிந்துவிடும். இங்கே வேண்டியது இரண்டு புரிக் கயிறு. ஆறு தாள்களை எடுங்கள். மூன்றின் அடிப்பக்கமும் மற்ற மூன்றின் கதிர்ப்பக்கமும் சேருமாறு வைத்தால் தடிமன் சமமாகும். முனையை முடிந்து கால் கட்டைவிரலுக்கு அடியில் மிதித்துக்கொள்ளுங்கள். மும்மூன்றாகப் பிரித்து இரண்டு புரிகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவில் ஒரு விரல் இடைவெளியில் வையுங்கள். வலக்கையை முன்னே தள்ளி உருட்டினால் இரண்டு புரிகளும் தனித்தனியாக ஒரே பக்கம் முறுகும். உடனே இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக எதிர்ப்பக்கம் சுற்றிவிட வேண்டும். புரிகளின் முறுக்கு ஒரு திசை, அவை ஒன்றையொன்று சுற்றுவது எதிர்த்திசை: இந்த எதிர்ப்புதான் கயிற்றைப் பிரியாமல் காக்கிறது. கையை எடுத்தவுடன் கயிறு தானாகப் பிரிந்தால் இரண்டும் ஒரே திசையில் போயிருக்கிறது என்று பொருள்.

உள்ளங்கை உலர்ந்திருந்தால் தாள் வழுக்கும். பழைய ஆட்கள் எச்சில் தொட்டுக்கொள்வார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். எந்தப் புரி மெலிகிறதோ அதற்குள் ஒரு புதுத் தாளின் அடிப்பக்கத்தைச் செருகி முறுக்குங்கள். இரண்டு புரிகளிலும் ஒரே இடத்தில் சேர்க்காதீர்கள், அந்த இடம் முண்டாகி, பின்னாளில் அங்கேதான் அறும். திரித்து முடித்ததும் ஒரு பிடி வைக்கோலைக் கயிற்றின்மேல் சுற்றிப் பிடித்து முன்னும் பின்னும் தேயுங்கள். பிசிர்கள் உதிர்ந்து கயிறு வழுவழுப்பாகும். வார் ஆகப்போகும் இரு முனைப் பகுதிகளை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேயுங்கள். கால்விரல் இடுக்கில் உரசப்போவது அதுதான்.

ஜப்பானில் அன்றாடக் கயிற்றை வலமாகவும், ஷிண்டோ கோவில்களில் கட்டும் ஷிமெனாவா என்ற புனிதக் கயிற்றை இடமாகவும் திரிப்பது வழக்கம். இடக்கைக்காரர்கள் இதைக் கேட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை, காலணிக்கு எப்பக்கம் முறுக்கினாலும் உழைக்கும்.

கயிறு திரிப்பது கைவர நாளாகும். அதுவரை காத்திருக்க மனமில்லாதவர்கள் பாவுக்குக் கடையில் வாங்கிய சணல் கயிற்றைப் பயன்படுத்தி, ஊடையை மட்டும் வைக்கோலில் பின்னலாம். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் தவறேதும் தெரியவில்லை. தேங்காய் நார்க் கயிறு மட்டும் வேண்டாம். விரல் இடுக்கை அறுத்துவிடும்.

பாவு பூட்டுதல்

சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டுங்கள். பாதங்களுக்கு இடையே ஒரு சாண் இருக்கட்டும். கயிற்றின் நடுப்பகுதியை வயிற்றருகே பிடித்து, இடப்பாதியை இடக்கால் கட்டைவிரலிலும் வலப்பாதியை வலக்கால் கட்டைவிரலிலும் மாட்டி, இரு முனைகளையும் நடுவழியாக உங்கள் பக்கமே கொண்டுவாருங்கள். இப்போது உங்களுக்கும் கால்விரல்களுக்கும் இடையே நான்கு பாவுகள் ஓடுகின்றன. வெளிப்பாவு இரண்டும் வயிற்றருகே ஒரே வளைவாகச் சேர்கின்றன. உள்பாவு இரண்டின் முனைகளும் அவிழ்ந்து கிடக்கின்றன. வளைவு இருக்கும் பக்கம்தான் காலணியின் முனை. கால்விரலில் மாட்டிய கண்ணிகள் குதிகால் பக்கம்; அவையே கடைசியில் குதிகால் வளையங்கள் ஆகும். அவிழ்ந்த இரு முனைகளும் வார்கள். ஒரே கயிறு முனையாகவும் பாவாகவும் வளையமாகவும் வாராகவும் ஆகிவிடுவதால் தனியாக எதையும் தைக்கவோ ஒட்டவோ தேவையில்லை.

ஊருக்கு ஊர் இந்த அமைப்பு மாறும். சில இடங்களில் குதிகால் வளையத்தைத் தனிக் கயிற்றில் செய்வார்கள். தொடங்குபவர்களுக்கு ஒற்றைக் கயிற்று முறையே எளிது.

முதுகு வலிக்காரர்கள் காலை நீட்டி மணிக்கணக்கில் உட்கார வேண்டியதில்லை. ஒரு பலகையில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு மரமுளைகளை அடித்து, அவற்றில் கண்ணிகளை மாட்டிக்கொண்டும் பின்னலாம். ஜப்பானிலும் இதற்கென்று மரத்தாங்கி உண்டு. ஆனால் காலில் மாட்டிப் பின்னுவதில் ஒரு வசதி இருக்கிறது: பாவு தளர்ந்தால் காலை நீட்டுவீர்கள், அதிகம் இறுகினால் மடக்குவீர்கள். முளை இதைச் செய்யாது.

பின்னல்

மூன்று நான்கு தாள்களைச் சேர்த்து லேசாக முறுக்கி ஊடையாக எடுங்கள். முதலில் முனை வளைவையும் உள்பாவு இரண்டையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி நிலைப்படுத்துங்கள். வார் முனைகள் இரண்டும் நடுவில், மேல்பக்கமாக வெளியே வர வேண்டும். பிறகு ஒன்றன் மேல், ஒன்றன் கீழ் என்று நான்கு பாவுகளையும் கடந்து, ஓரப் பாவைச் சுற்றித் திரும்பி, எதிர்மாறாக வாருங்கள். ஒவ்வொரு வரியும் முடிந்ததும் பாவுகளுக்கு இடையே விரல்களை நுழைத்து ஊடையை உங்கள் பக்கம் அழுத்தி இழுங்கள். இந்த இழுப்பில் கஞ்சத்தனம் கூடாது. வரிகளுக்கு இடையே பாவு கண்ணுக்குத் தெரிந்தால் அடி தளர்ந்திருக்கிறது. தளர்ந்த அடிக்குள் சிறுகல் ஏறும், ஏறிய கல் உள்ளிருந்தே அறுக்கும்.

ஊடை தீரும்போது புதுத் தாளைப் பாவுகளின் நடுவில் சேருங்கள், ஓரத்தில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். பழைய முனையும் புது முனையும் அடிப்பக்கமாகத் தொங்கட்டும். காலணியின் அடி முழுக்கத் தாடி முளைத்ததுபோல் ஆகும்; கடைசியில் வெட்டிக்கொள்ளலாம்.

அகலம்தான் எல்லோரையும் படுத்தும். முனையில் சுமார் 7 செ.மீ., முன்பாதம் பதியும் இடத்தில் 9 அல்லது 10, குதிகாலில் மறுபடி கொஞ்சம் குறைவு. ஓரத்தில் திரும்பும்போது ஊடையை இழுத்தால் வரிக்கு வரி அகலம் சுருங்கி, நடுவில் இடுப்பு விழுந்துவிடும். இழுக்க வேண்டியது உங்களை நோக்கி மட்டுமே. பக்கவாட்டில் ஊடையை ஓரப் பாவின் மேல் படியவைத்தால் போதும். அளவுக்கு ஒரு குச்சியை வெட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலைந்து வரிக்கு ஒருமுறை பிடித்துப் பார்ப்பது, கண்ணை நம்புவதைவிட நல்லது.

மொத்த நீளம் காலைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 25 செ.மீ. பாதத்துக்கு 22 அல்லது 23 செ.மீ. அடி போதும். கால்விரல்கள் காலணியின் முனையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் அளவு சிறியது என்று நினைப்பார்கள். மேட்டில் ஏறும்போது விரல்கள் மண்ணைக் கவ்வுவதற்காகவே இப்படி. முழு நீளத்துக்குப் பின்னினால் முன்முனை மடங்கித் தடுக்கிவிடும்.

பெரிய அளவு பின்ன ஆசைப்படுகிறவர்களுக்கு ஜப்பானில் வேறு இடம் இருக்கிறது. தோக்கியோவின் சென்சோஜி கோவில் வாயிலில் தொங்கும் வராஜி ஒவ்வொன்றும் 4.5 மீட்டர் நீளம், 500 கிலோ எடை. யமகதா மாவட்டத்தின் முராயாமா நகரத்து மக்கள் செய்து காணிக்கையாகக் கொடுப்பவை. இவ்வளவு பெரிய காலணியை அணிபவன் காவல் இருக்கிறான் என்று தீய சக்திகள் அஞ்சி ஓட வேண்டும் என்பது கருத்து. ஃபுகுஷிமா நகரத்தின் ஆகஸ்ட் திருவிழாவில் தூக்கிச் செல்லும் வராஜி 12 மீட்டர் நீளம். எதிர்ப்பக்கமாக, உள்ளங்கை அளவுச் சிறு வராஜிகளைக் கால் நோய் தீர வேண்டிக் கோவில் வாயில்களில் கட்டுவதும் உண்டு. புதியவர்கள் முதல் பயிற்சியாக அந்தச் சிறு அளவில் ஒன்றைப் பின்னிப் பார்க்கலாம். எல்லாப் படிகளும் அதில் வந்துவிடும், வைக்கோலும் வீணாகாது.

காதுகள்

வார் நுழைவதற்காகக் காலணிக்குப் பக்கத்துக்கு இரண்டு வீதம் நான்கு காதுகள். ச்சி என்று இவற்றைச் சொல்வார்கள். அறுந்துபோவது பெரும்பாலும் இவைதான் என்பதால் கயிறு திரிக்கும்போதே வைக்கோலுடன் ஒரு பழைய பருத்தித் துணிக் கீற்றைச் சேர்த்துத் திரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றில் ஒரு பங்கு பின்னியதும் முதல் சோடிக் காது. காதுக் கயிற்றை ஒரு ஊடை வரியாகக் குறுக்கே ஓட்டுங்கள். இரு முனைகளும் இரு ஓரங்களிலும் சமமாக வெளியே நிற்கட்டும். ஒவ்வொரு முனையையும் கட்டைவிரல் நுழையும் அளவு வளைத்து, அடுத்த வரியாக உள்ளே திருப்பி ஓட்டி, முனைகளை அடிப்பக்கம் விடுங்கள். உடனே மேலே வழக்கமான ஊடையை இரண்டு மூன்று வரி இறுக்கமாக ஓட்டுங்கள். ஒரே கயிற்றில் இரு காதுகளும் இருப்பதால் ஒன்றை இழுத்தால் மற்றது பிடித்துக்கொள்ளும். மூன்றில் இரண்டு பங்கு பின்னியதும், குதிகாலுக்குச் சற்று முன்னால், இரண்டாவது சோடி. முன்காதும் பின்காதும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் வார் ஒருபக்கம் இழுக்கும், கால் கோணலாக உட்காரும்.

முடிப்பது

போதிய நீளம் வந்ததும் கடைசி ஊடையைக் கெட்டியாக முறுக்கி, முந்தைய வரிக்குள் அடிப்பக்கமாகச் செருகிவிடுங்கள். கண்ணிகளைக் கால்விரலிலிருந்து கழற்றி, முனையில் கிடக்கும் வார்களை ஒவ்வொன்றாக இழுங்கள். உள்பாவு முன்னே நகர்ந்து கண்ணி சிறிதாகும். ஒரேயடியாகப் பிடுங்கினால் பாவு அறும். பின்னலைக் கையால் லேசாக அசைத்துக்கொண்டே, விரற்கடை விரற்கடையாக இழுக்க வேண்டும். குதிகாலின் இரு பக்கமும் 6 முதல் 8 செ.மீ. உயரத்துக்கு வளையங்கள் நிமிர்ந்து நிற்கும்போது நிறுத்திவிடுங்கள். அடிப்பக்கத் தாடியைக் கத்தரியால் ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் நடக்கும்போது முனைகள் மேலே உருவிக்கொண்டு வரும். கடைசியாகக் காலணியைக் கட்டையில் கவிழ்த்துக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டையாக்கி, நிழலில் காயவிடுங்கள்.

இரண்டாவது காலணியை அதே நாளில், அதே கட்டு வைக்கோலில் பின்னிவிடுங்கள். மறுநாள் தாளின் ஈரம் வேறு, கையின் இறுக்கம் வேறு, சோடி சேராது. வராஜியில் இடது, வலது என்று கிடையாது என்பது பெரிய நிம்மதி. நீளமும் காதுகளின் இடமும் ஒத்திருந்தால் போதும்.

கட்டுவதும் நடப்பதும்

அணிவதற்கு முன் அடியைத் தண்ணீரில் நனையுங்கள். உலர்ந்த வைக்கோல் உராய்வில் பொடியும், ஈர வைக்கோல் தேயத் தாமதமாகும், காலுக்கும் மென்மை. வார்கள் இரண்டையும் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் எடுத்து, ஆளுக்கொரு பக்கமாக முன்காதுகளில் நுழைத்து, பின்காதுகளைக் கடந்து, குதிகால் வளையங்களில் விட்டு, கணுக்காலுக்கு முன்புறம் கொண்டுவந்து குறுக்காகப் போட்டு முடிச்சிடுங்கள். காலடியில் முடிச்சு வரக்கூடாது. கொஞ்ச தூரம் நடந்ததும் வைக்கோல் பாதத்துக்கு ஏற்ப அமுங்கி வார் தளரும். நின்று ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள். ஜப்பானில் கட்டைவிரல் தனியாகப் பிரிந்த தாபி என்ற காலுறையோடு அணிவது வழக்கம். வெறுங்காலில் முதல்நாளே நெடுந்தூரம் போனால் விரல் இடுக்கு கொப்பளிக்கும்.

வாருக்கு மட்டும் கொஞ்சம் அலங்காரம் செய்ய விரும்பினால் முன்மாதிரி இருக்கிறது. 1689இல் ஜப்பானின் வடபகுதிக்குப் பயணம் சென்ற கவிஞர் பாஷோவுக்கு, செந்தாய் நகரில் காஎமோன் என்ற ஓவியர் விடைபெறும்போது கொடுத்த பரிசு, கருநீல வார் கட்டிய இரண்டு சோடி வராஜி. அவுரிச் சாயத்தின் வாடை பாம்பை விலக்கும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. பாம்பு விலகுமோ என்னவோ, அவுரியில் தோய்த்த பருத்திக் கீற்றை வாரில் சேர்த்துத் திரித்தால் விரல் இடுக்கில் உரசல் குறையும்.

பயன்படுத்திய பிறகு மண்ணைத் தட்டிவிட்டு நிழலில் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு மூலையில் போட்டால் மறுநாளே பூஞ்சை. முதலில் தேய்வது குதிகாலின் வெளிப்பக்கம் என்பதால் அன்றாடம் இடது வலதை மாற்றி அணிந்தால் இரு பக்கமும் சமமாகத் தேயும். கெட்டியான தார்ச்சாலையில் சீக்கிரம் போய்விடும், மண்பாதையிலும் புல்வெளியிலும் கூடுதலாக வரும். அடியில் பாவு வெளியே தெரிந்ததும் கழற்றிவிடுங்கள். அதற்குமேல் நடந்தால் பாவு அறுந்து வழியில் வெறுங்காலோடு நிற்க வேண்டியிருக்கும். வைக்கோலை எருக்குழியில் போடுவதற்கு முன் துணிக் கீற்றுகளை உருவி எடுத்துவிடுங்கள். பாவுக்குச் சணல் கயிறு போட்டிருந்தால் அதையும் உருவி, அறுபடாத நீளத்தை அடுத்த சோடியின் காதுகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.